எட்டு புள்ளி ஏழு

என் அக்காவின் ரத்தம் எட்டு புள்ளி ஏழு. பத்து வருடமாக அங்கேதான் நிற்கிறது. சில தடவை எட்டு புள்ளி ஐந்துக்கு இறங்கும். ஒரே ஒரு தடவை ஒன்பதைத் தொட்டது, அன்றைக்கு மாமா பாயசம் வைக்கச் சொல்லாத குறை. ஹீமோகுளோபின் என்ற சொல் அக்காவின் வாயில் நுழையாது. "என் நம்பர் இன்னாடி?" என்றுதான் கேட்பாள். நான் சொல்வேன். சொல்லிவிட்டு அரை மணி நேரம் திட்டுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் தூங்குகிறவள் மாதிரி தலையாட்டிக்கொண்டு அதைக் கேட்டு முடிப்பாள்.

நான் திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். ஊசி போட்டு ரத்தம் எடுப்பதும் நான், மெஷினில் வைப்பதும் நான், பாதி நாள் ரிப்போர்ட் அடிப்பதும் நான். பத்தொன்பது வருடம் ஆகிறது. அக்கா கெடாரில் இருக்கிறாள். மாமாவுக்குச் சொந்த நிலம், ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. அக்காவுக்கு மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம். ஆபரேஷன் பண்ணிக்கொள் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியாயிற்று. "அறுப்பு முடியட்டும்டி" என்பாள். எந்த அறுப்பு என்று மட்டும் சொல்ல மாட்டாள். நான் வாங்கிக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை மூன்று நாள் விழுங்குவாள், நான்காம் நாள் வயிறு கட்டுகிறது என்று பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளிவிடுவாள். போன பொங்கலுக்குப் போனபோது அங்கே பதினோரு அட்டை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கத்தினேன் பாருங்கள், மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த மாமா குங்குமக் கிண்ணத்தோடு உள்ளே ஓடி வந்தார்.

மாமாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. அவருக்கு பீட்ரூட்தான் மருந்து. விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போனால் பீட்ரூட் இல்லாமல் வர மாட்டார். பொரியல், சாறு, சில நாள் தோசை மாவில்கூடக் கலந்து சிவப்பாக ஊற்றச் சொல்வார். "பாத்துக்கினே இரு பாப்பா, ஒரு நாளு உங்க அக்கா ரத்தம் பன்னெண்டுல வந்து நிக்கும்" என்பார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவர் அக்காவைக் கட்டியபோது நான் ரெட்டை ஜடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், அதனால் இன்னும் பாப்பாதான். "மாமா, அந்த பீட்ரூட்டை நிலத்துல போடுங்க, நிலமாவது செவக்கட்டும்" என்பேன். சிரிப்பார். மறுநாள் மறுபடி வாங்கி வருவார்.

எனக்குப் பொறுமை கிடையாது, இதையும் சொல்லிவிடுகிறேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற அந்த இரண்டு மாதம் எங்கள் லேபில் நின்று பார்த்தால் உங்களுக்கும் இருக்காது. ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் காய்ச்சல்காரர்கள் நிற்பார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, மப்ளர் கட்டிக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு. எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்றுதான். "பிளேட்லெட் எவ்ளோ மேடம்?" மற்றது எதுவும் வேண்டாம், அதை மட்டும் பாருங்கள் என்று எனக்கு யோசனை வேறு சொல்வார்கள். லட்சத்துக்கு மேல் இருந்தால் முகம் மலரும், கீழே இருந்தால் பப்பாளி மரத்தைத் தேடி ஓடுவார்கள். எங்கள் தெருவில் இலையோடு ஒரு பப்பாளி மரம் இல்லை, எல்லாம் மொட்டையாக நிற்கிறது.

நான் கவுண்டரில் நின்று கத்துவேன். "பிளேட்லெட் மட்டும் இல்லைங்க, அதுக்குப் பக்கத்துல பிசிவின்னு ஒண்ணு இருக்குது, அதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க." நம் ரத்தத்தில் நீர் பாதிக்கு மேல், மிச்சம் அணு. அந்த அணு எத்தனை பங்கு என்று சொல்வதுதான் பிசிவி. டெங்கு முற்றினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் மட்டும் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். அணு குழாயிலேயே தங்கிவிடும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், எண் ஏறும். அதுவும் காய்ச்சல் அடிக்கும்போது இல்லை. காய்ச்சல் விட்டுப்போய், அப்பாடா என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதைச் சொல்கிறவள் நான். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி சொல்கிறவள்.

அப்படிப்பட்ட நாளில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மாமா போன் செய்தார். அக்காவுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள் என்றார். செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள், டெங்கு என்று வந்தது. போனிலேயே கேட்டேன்.

"பிளேட்லெட் எவ்ளோ மாமா?"

"லட்சத்து நாப்பதாயிரம். நல்லாத்தான் இருக்குதாம்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது எதுக்கு? பிளேட்லெட்ட மட்டும் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

சொந்த வீட்டிலேயே இப்படி. நான் போனில் கத்திய கத்தலுக்கு, ஊசிக்குக் கையை நீட்டியிருந்த ஒரு அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அன்றே கெடாருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கும் காய்ச்சல், அவள் வரவில்லை. லேபில் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். போனை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். புதன்கிழமை முழுக்க அப்படியே போனது. இரண்டு ட்யூபில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்து, எனக்கு நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நிமிர்ந்து பார்த்தால் லேப் வாசலில் அக்காவும் மாமாவும் நிற்கிறார்கள்.

"காய்ச்சல் நேத்து சாயந்திரமே விட்டுடுச்சு" என்றார் மாமா. "இருந்தாலும் பாப்பா கையால ஒரு தடவ பாத்தாத்தான் மனசு ஆறும்னு கூட்டியாந்துட்டேன்."

விழுப்புரத்திலேயே முப்பது லேப் இருக்க, காய்ச்சல்காரியை இரண்டு பஸ் மாற்றி இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். திட்டினேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"என்னக்கா கை இப்படி இருக்குது?"

"ஏசியப் போட்டுக்கினு உக்காந்திருக்க. கை சில்லுன்னு இல்லாம கொதிக்குமா?"

அவள் இருப்புக் கொள்ளாமல் இருந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். உட்கார வைத்த இடத்தில் பிள்ளையார் மாதிரி இருக்கிறவள் அவள். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். பப்பாளி இலைச் சாற்றின் வேலை என்றார் மாமா. நானும் சிரித்தேன். ஊசியைக் குத்தினால் ரத்தம் மெதுவாக, கறுப்பாக வந்தது. அவள் ரத்தம் எப்போதும் வெளிறிப்போய்த் தண்ணீராக வரும். தண்ணீர் குடித்திருக்க மாட்டாள், அதான் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவும் என் கையில்தான் இருந்தது. கையும், கண்ணும், பத்தொன்பது வருட அனுபவமும்.

மெஷினில் வைத்தேன். எங்கள் மெஷினில் கூடவோ குறையவோ இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். நாள் முழுக்க நூறு ரிப்போர்ட் பார்க்கிற கண் நட்சத்திரத்தை மட்டும்தான் தேடும், மிச்சத்தைத் தாண்டிப் போய்விடும். பிளேட்லெட் அறுபத்திரண்டாயிரம், நட்சத்திரம். வெள்ளணு குறைவு, நட்சத்திரம். சிவப்பணுவின் அளவு சிறிது, அது அவளுக்கு எப்போதும் உள்ள நட்சத்திரம். ஹீமோகுளோபின் வரிசையில் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு புள்ளி ஒன்று. பிசிவி முப்பத்தேழு. இரண்டும் சுத்தமாக நார்மல்.

"மாமா!" என்று கத்தியே விட்டேன். "பன்னெண்டு மாமா! அக்காவுக்குப் பன்னெண்டு!"

மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தியா, பாத்தியா! பீட்ரூட்டு! நான் தலப்பாடா அடிச்சிக்கினு சொன்னேனே, கேட்டியா நீ!" கூடத்தில் காத்திருந்தவர்களிடமெல்லாம் பீட்ரூட்டின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு அம்மா சாறா பொரியலா என்று விசாரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து வருடம் போராடிய எண். அக்காவின் கன்னத்தைக் கிள்ளினேன்.

"அப்ப இந்த வருஷம் எனக்குத் திட்டு கெடையாதா?" என்றாள் அவள், சோர்வாக.

"கெடையவே கெடையாது."

பிளேட்லெட் இறங்கியிருக்கிறதே என்று மாமா கேட்டதற்கு, பெரிய மனுஷி மாதிரி, "அறுபதுக்கு மேல இருக்குது, காய்ச்சலும் விட்டாச்சு. நாளைக்கு விழுப்புரத்துலயே ஒரு தடவ பாத்துக்குங்க. தண்ணி நெறையக் குடிக்கட்டும்" என்று சொல்லி, எதிர்க் கடையில் மாதுளைச் சாறு வாங்கிக் கையில் கொடுத்து, நானே அனுப்பிவைத்தேன்.

போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். சில்லென்ற அந்தக் கை என் கையிலேயே இருக்கிற மாதிரி இருந்தது.

பதினொன்றேகாலுக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க வந்தார். கையில் தடித்த ஃபைல். போன தடவை எண்ணையும் இந்த ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அடித்துத் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"அதெல்லாம் முடியாது சார். இன்னைக்கு உள்ளதத்தான் அடிக்க முடியும்."

"ஏம்மா, இதுல நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்குது. இது எனக்கு ஏத்தமா எறக்கமா? பழசு பக்கத்துல இருந்தாத்தானே தெரியும்?"

பேஜார் பிடித்த மனுஷன் என்று மனதுக்குள் வைதுகொண்டேதான் அவர் ஃபைலை வாங்கினேன். வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரில் அக்காவின் பெயரைப் போட்டுத் தேடினேன். வரிசையாக வந்தது. எட்டு புள்ளி ஏழு, எட்டு புள்ளி ஐந்து, எட்டு புள்ளி எட்டு, எட்டு புள்ளி ஏழு. பிசிவி இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தேழு. சிவப்பணுவின் அளவு அறுபத்தெட்டு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு. இன்றைக்கும் அறுபத்தெட்டு.

நிஜமாகவே ரத்தம் ஊறியிருந்தால் அணு பெரிதாகியிருக்க வேண்டும். அணு அதே சோகை பிடித்த சின்ன அணு. ஏறியது ரத்தம் இல்லை, நீர் வெளியே போயிருக்கிறது. இருபத்தேழு முப்பத்தேழாகிற அளவுக்குப் போயிருக்கிறது. ஊரில் மற்ற பெண்களுக்கு முப்பத்தேழு நார்மல். என் அக்காவுக்கு அது ஆபத்து. அந்த நார்மலைப் பார்த்துத் துள்ளிக் குதித்து, கன்னத்தைக் கிள்ளி, சாறு வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அடிப்பாவி, அடிப்பாவி என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். வாத்தியார் பயந்துபோய் ஃபைலை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவர் பஸ்ஸில் ஏறினால் போனை மஞ்சள் பைக்குள் போட்டு, பையைக் காலுக்கடியில் வைத்துக்கொள்வார். பழைய ரிப்போர்ட் நான்கையும் அச்செடுத்தேன், எடுத்துக்கொண்டே போன் போட்டேன். கிளம்புகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போகும்போது ஒன்பதாவது தடவை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"விழுப்புரத்துல கெடார் பஸ்ல ஏறி உக்காந்துட்டோம், இப்ப எடுத்துடுவான். உங்க அக்காதான் ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. சாறு ஒத்துக்கல போல."

"எறங்குங்க!"

"இன்னா?"

"பஸ்ஸ விட்டு எறங்குங்க மாமா, ஜல்தி! ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு. நான் வந்துக்கினே இருக்கேன்."



"ரத்தம் ஏறிடுச்சுன்னு நீதான பாப்பா சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் மாமா. நான் சொன்னது தப்பு. கையெடுத்துக் கும்புடுறேன், எறங்குங்க."

கண்டக்டரிடம் அவர் விசில் கொடுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. லைன் அறுந்துபோனது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம். எத்தனை வருடமாகப் போய் வருகிறேன், அன்றைக்கு மாதிரி நீண்டதில்லை. உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருக்க, படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யக்கா, உக்காருக்கா. நீ நின்னுக்கினு வந்தா மட்டும் பஸ்ஸு வேகமாவா போவும்?" என்றார் கண்டக்டர். உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி எழுந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் பதினைந்து லாரி. கையிலிருந்த ரிப்போர்ட் நான்கும் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டன. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமா முகத்தில் எப்படி விழிப்பேன், கெடார் வீட்டு வாசற்படியை எப்படி மிதிப்பேன் என்று மட்டுமே மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவை ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மாமா இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேராக வந்துவிட்டிருந்தார். சின்ன வயது டாக்டர் ஒருவர் காலையில் நான் அடித்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் இல்ல. ஹெச்பி, பிசிவி ரெண்டும் நார்மலா இருக்கு. வாந்திக்கு ஊசி போட்டு..." என்று அவர் ஆரம்பித்தபோது நான் குறுக்கே நுழைந்தேன். மரியாதை எல்லாம் அப்புறம்.

"சார், இவங்களுக்கு எப்பவுமே எட்டு புள்ளி ஏழுதான். பத்து வருஷமா நான்தான் பாக்கறேன். இந்தாங்க." நனைந்த காகிதங்களைக் கட்டில் மேலேயே பரப்பினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. அக்காவின் பாதத்தைத் தொட்டார், நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். பிரஷரை மறுபடி பார்க்கச் சொன்னார். மேலே நூறு, கீழே எண்பத்து நான்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். சலைன் ஏறியது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ பிசிவி பாக்கணும்" என்றார் டாக்டர். "மூத்திரம் எவ்வளவு போறாங்கன்னு அளந்து சொல்லுங்க."

"யாருக்கு இப்படி முத்தும்னு மொத நாளே ரத்தத்துல தெரியாதா சார்?" என்று கேட்டேன். யார் மேலாவது, எதன் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது.

"தேடிக்கிட்டுதான் இருக்காங்கம்மா. ஃபெரிட்டின் பாக்கறாங்க, லிவர் என்சைம் பாக்கறாங்க, இன்னும் என்னென்னமோ பாக்கறாங்க. ஒரே டெஸ்ட்ல அடிச்சுச் சொல்ற மாதிரி இன்னும் வரல. இன்னைக்கு என் கையில இருக்கறது இந்த பிசிவியும் நீங்க கொண்டாந்த பழைய பேப்பரும்தான்."

அந்த ஆஸ்பத்திரி லேபுக்கு வெளியே ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் எனக்குப் பழகிய சத்தம். எட்டிப் பார்த்தேன். "ஒரு மணி நேரம் ஆவும்மா, அங்க போயி உக்காருங்க" என்று உள்ளே இருந்த பெண் தலையைத் தூக்காமலேயே சொன்னாள். பத்தொன்பது வருடமாக நான் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். நானும் ஒரு லேப்காரிதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. காலையில் அந்த லேப்காரி செய்த காரியம் நினைவுக்கு வந்து பேசாமல் நகர்ந்தேன். உட்காரவில்லை. தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அங்கே நிறைய பேர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு.

முதல் எண் நாற்பது. காலையிலிருந்து இன்னும் மூன்று ஏறியிருக்கிறது. சலைனைக் கூட்டினார்கள். அக்கா கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தாள். போர்வையைத் தள்ளினாள், இழுத்தாள். வீட்டுக்குப் போகலாம், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்றாள். நேரம் என்ன என்று கேட்டாள், சொன்னால் உடனே மறுபடி கேட்டாள். அவள் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்க்கத் தேய்க்கச் சூடு வரவில்லை.

மாமா வெளியே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மேல்மலையனூர் அம்மனுக்கு வர்ற அமாவாசைக்கே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். அப்புறம், "நீ மட்டும் போன் பண்ணலன்னா, இந்நேரம் ஊட்டுல படுக்க வெச்சிருப்பேன் பாப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

என்னால் அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. "நான்தான் மாமா அனுப்புனேன். கையில புடிச்சு வெச்சிருந்தவள நான்தான் பஸ் ஏத்தி அனுப்புனேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"துள்ளுனது நான்தான? பீட்ரூட்டு பீட்ரூட்டுன்னு."

"நீங்க துள்ளலாம். உங்களுக்கு இன்னா தெரியும்? நான் படிச்சவ."

"படிச்சவதான். அதுக்குன்னு நீ இன்னா மெஷினா?" என்று திடீரென்று கோபமாகக் கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் மேல் தப்பு என்று இரண்டு பேரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டோம். தப்பை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. கடைசியில் நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் சேர்த்துத் துரத்தினாள்.

சாயந்திரம் முப்பத்தெட்டு. மறுநாள் காலை முப்பத்து நான்கு. காலில் கொஞ்சம் சூடு வந்திருந்தது. மதியம் அக்கா நிறைய மூத்திரம் போனாள் என்று நர்ஸ் அளந்து சொன்னபோது, மாமா ஓடிப்போய் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார். சாயந்திரம் முப்பத்தொன்று. அவள் புரளுவதை நிறுத்திவிட்டுத் தூங்கினாள். நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாக உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை நானே ஜன்னலில் ரிப்போர்ட்டை வாங்கினேன். பிசிவி இருபத்தாறு. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு. பக்கத்தில் நட்சத்திரம். எண் இறங்குவது எப்போதும் நல்லது இல்லை, உள்ளே எங்காவது ரத்தம் கொட்டினாலும் இப்படித்தான் இறங்கும். இது எது? காகிதத்தைப் பிடித்துக்கொண்டு படியில் இரண்டிரண்டாக ஏறினேன். டாக்டர் பிரஷர் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார், கையைத் தொட்டார். கை சூடாக இருந்தது.

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று காகிதத்தை எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, எட்டு புள்ளி ஆறா? எல்லாம் எறங்கிப் போயிடுச்சே" என்றார், உடைந்துபோய்.

"எங்கயும் ரத்தம் போகல" என்றார் டாக்டர். "கசிஞ்ச தண்ணி திரும்பி உள்ள வந்துடுச்சு. இதுதான் அவங்களோட பழைய ரத்தம். சலைன எடுத்துடலாம்."

அக்கா விழித்துக்கொண்டாள். இரண்டு நாளாகக் கண்ணில் இருந்த அந்தத் தவிப்பு இல்லை. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"நம்பர் இன்னாடி?"

"எட்டு புள்ளி ஆறு."

"போச்சுடா" என்றாள். தலையணையில் தலையைச் சரியாக வைத்துக்கொண்டு, வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, ஆரம்பி."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அவள் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தாள்.

"ஏய், இன்னாடி இது? அவ்ளோ மோசமாவா இருக்குது?"

"இல்லக்கா" என்றேன். "நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது."

பத்து வருடத்தில் அந்த எண்ணை நான் நல்லது என்று சொன்னது அன்றைக்குத்தான்.